கரிசல் பூமியும் பருவமழையும்: பட்டான்செரு ஆராய்ச்சி நிலையம் கற்பிக்கும் பாடம்

மானாவாரிப் பூமியை நம்பிப் பிழைக்கும் குடியானவரிடம் விளைவு குறைந்தமைக்குக் காரணம் யாதென வினவினால், மழை போதவில்லை என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். சில பிரதேசங்களுக்கும் சில வருஷங்களுக்கும் இவ்விடை பொருந்தும். ஆனால் தக்காணத்துக் கரிசல் பூமியின் பெரும்பகுதியில் மழையின் குறைவைக் காட்டிலும், பெய்த மழை பயிருக்குச் சேராமற் போவதே பெரிய நஷ்டமாகும். வருஷ மழை 800 மில்லிமீட்டர், அதாவது சுமார் 32 அங்குலம், பெய்யும் இடங்களிற்கூட, மழை பெய்யும் நான்கு மாதமும் நிலம் தரிசாகக் கிடந்து, மழை ஓய்ந்தபின் ஒரே ஒரு பயிர் எடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்தது. இவ்வழக்கம் ஏன் ஏற்பட்டது, இதனை மாற்றுதல் கூடுமா, மாற்றினால் விளையும் நன்மை எவ்வளவு என்னும் கேள்விகளை முறையாக ஆராய்ந்த நிலையங்களுள் பட்டான்செருவிலுள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையம் முக்கியமானது. அங்கே கண்ட முடிவுகளையும், அவை குடியானவர் நிலங்களுக்குச் சென்றபோது நேர்ந்தவற்றையும் ஒருங்கே அறிவது மானாவாரி விவசாயிகளுக்குப் பெரிதும் பயன்படும்.

நிலையமும் அதன் பூமியும்

ஐதராபாத் நகருக்கு வடமேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், பட்டான்செரு என்னும் ஊரில், அரை வறண்ட வெப்பமண்டலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையம் 1972-இல் நிறுவப்பட்டது. இக்ரிசாட் என்பது அதன் சுருக்கப் பெயர். சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை ஆகிய ஐந்தும் இந்நிலையம் தொடக்ககாலம் முதல் விசேஷமாக எடுத்துக்கொண்ட பயிர்களாம். ஏழைக் குடியானவர் இறவை வசதியின்றிப் பயிரிடுபவை இவையே.

நிலையத்தின் பண்ணை சுமார் 1,400 ஹெக்டேர் பரப்புள்ளது. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். இப்பண்ணையில் ஆழ்ந்த கரிசலும் செம்மண்ணும் அருகருகே அமைந்துள்ளன. ஒரே வானத்தின்கீழ், ஒரே மழையில், இருவகை மண்ணும் எவ்வாறு நடந்து கொள்கின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இது மிகவும் அனுகூலமாயிற்று. பயிர் வகைகளை மட்டும் ஆராயாமல், மண், மழை, கருவி, கால்நடை, குடியானவரின் ஆள்பலம், பணவசதி ஆகிய அனைத்தையும் ஒன்றாகக் கருதி ஆராயும் ஒரு பிரிவும் தொடக்கத்திலேயே ஏற்படுத்தப்பட்டது. 1975 முதல் மகபூப்நகர், ஷோலாப்பூர், அகோலா ஜில்லாக்களின் சில கிராமங்களில் ஆட்களைத் தங்கவைத்து, குடும்பங்களின் வரவு செலவும் சாகுபடி வேலைகளும் குறித்து வைக்கப்பட்டன.

கரிசலின் குணம்

ஆழ்ந்த கரிசலில் களிமண் பாதியளவோ அதற்கு மேலோ இருக்கும். அக்களியும் மான்ட்மோரில்லோனைட் என்னும் வகையைச் சேர்ந்தது. ஈரம் பட்டால் பருத்துப் பிசுபிசுப்பாகும். காய்ந்தால் சுருங்கிக் கல்லைப்போல் இறுகி, ஆழமான வெடிப்புக்கள் விடும். கோடையில் நாட்டுக்கலப்பை அதில் இறங்காது. நல்ல மழைக்குப்பின் மாடும் மனிதரும் இறங்க இயலாது. உழவுக்கேற்ற பதம் என்பது இவ்விரண்டிற்கும் இடையே சில நாட்களே நிற்கும்.

நீரை ஏற்பதிலும் இம்மண் இருவேறு குணங் காட்டுகிறது. காய்ந்து வெடித்த நிலத்தில் முதல் அரைமணி நேரம் மணிக்குச் சுமார் 76 மில்லிமீட்டர் வேகத்தில் நீர் இறங்குவதாகப் பட்டான்செருவில் அளந்து கண்டனர். ஆனால் மண் நனைந்து பருத்து வெடிப்புக்கள் மூடிக்கொண்ட சில நாட்களுக்குப் பின் அவ்வேகம் மணிக்கு 0.2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதற்குமேல் பெய்யும் கனமழை நிலத்தின்மேல் தேங்கும். அல்லது மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். மறுபுறம், ஒருமுறை உள்ளே சென்ற நீரைக் கரிசல் எளிதில் விடுவதில்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கரிசல், பயிர் எடுத்துக்கொள்ளத்தக்க நீரை 200 மில்லிமீட்டர் அளவிற்குத் தன்னிடம் வைத்திருக்கும். மழை நின்ற பின்னும் கொண்டைக்கடலையும் சோளமும் பனியிலேயே விளைந்து விடுவது இச்சேமிப்பினால்தான்.

தரிசு விட்டமைக்குக் காரணம்

மழைக்காலத்தில் கரிசலைத் தரிசாக விடுவது குடியானவரின் அறியாமை என்றும் சோம்பல் என்றும் கருதுவது பெருந்தவறு. அவ்வழக்கத்திற்குத் தக்க காரணங்கள் உண்டு. முதல் மழை விழுமுன் நிலத்தைத் தயாரிக்க முடிவதில்லை. மழை விழுந்தபின் நிலத்தில் இறங்க முடிவதில்லை. இறங்கி விதைத்தாலும் நீர் தேங்கி நாற்று மஞ்சளிக்கும். தொடர்மழையில் களை எடுக்க இயலாமற் களையே பயிராகும். பழைய சோள வகைகளின் கதிர் மழையில் முற்றினால் தானியம் பூசணம் பிடித்துக் கறுக்கும். இவை யாவும் போக, மழை நடுவில் நின்றுவிட்டால் விதையும் கூலியும் நஷ்டம். இதற்கு மாறாக, மழை முழுவதையும் நிலம் குடித்தபின் விதைத்தால், கைக்கு வரும் விளைவு சிறிதாயினும் நிச்சயமானது. ஆகவே குடியானவர் பெரும் லாபத்தை விட்டுச் சிறு நிச்சயத்தைத் தேர்ந்துகொண்டனர்.

ஆனால் இந்நிச்சயத்திற்குக் கொடுத்த விலை அதிகம். மூடுபயிர் இல்லாத வெற்றுநிலத்தில் நான்குமாத மழையும் நேராக விழுந்தது. மண் தன் கொள்ளளவை நிரப்பிக்கொண்டபின் எஞ்சியதெல்லாம் மேல்மண்ணோடு ஓடைக்குச் சென்றது.

முன்னர் நடந்த முயற்சிகள்

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி பட்டான்செருவில் தொடங்கியதன்று. பம்பாய் மாகாணத்தில் பூனாவுக்கு அருகேயுள்ள மாஞ்சரியில் 1923-இல் புன்செய் ஆராய்ச்சி தொடங்கிற்று. பின்னர் இம்பீரியல் விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியால் 1933-க்கும் 1935-க்கும் இடையே ஷோலாப்பூர், பிஜாப்பூர், ராய்ச்சூர், ரோத்தக், சென்னை மாகாணத்துப் பல்லாரி ஜில்லாவின் ஹகரி ஆகிய ஐந்து இடங்களில் நிலையங்கள் ஏற்பட்டன. வரப்பிடுதல், மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆழ உழுதல், தொழுவுரம் இடுதல், விதையைக் குறைத்து இடைவெளியை அதிகமாக்குதல், அடிக்கடி பலுகு ஓட்டி ஈரங்காத்தல் என்பன அவை வகுத்த முறைகள். இம்முறைகள் மண்ணைக் காத்தன. விளைவும் ஓரளவு உயர்ந்தது. ஆனால் அடிப்படை விளைவே மிகக் குறைவாதலால், அதன்மேல் ஏறிய பங்கு குடியானவரின் வாழ்வை மாற்றப் போதவில்லை. நிலம் அப்போதும் மழைக்காலத்தில் வெறுமையாகவே கிடந்தது. பட்டான்செருவில் ஆராய்ந்தோர் எடுத்துக்கொண்டது இவ்வெறுமையைத்தான்.

புதிய முறையின் அங்கங்கள்

1. அறுவடை முடிந்தவுடன் உழவு. தை, மாசியில் கடைசிப் பயிரை எடுத்தவுடன், நிலத்தில் எஞ்சிய ஈரம் காயுமுன் உழுதுவிட வேண்டும். அப்போது மண் இளகிக் கொடுக்கும். கோடை மழை ஒன்றிரண்டு விழுமாயின் கட்டிகள் தாமே பொரிந்து உதிரும். அச்சமயம் மறுபடி கிளறிவிட்டால் ஆனிக்கு முன்பே விதைப்படுகை தயாராகி விடும். கரிசலில் உழவின் காலம் மழைக்கு முன்னதன்று, முன்பயிரின் அறுவடைக்குப் பின்னது என்பதே இம்முறையின் முதற் பாடம்.

2. அகலப்பாத்தியும் சாலும். நிலம் முழுவதும் 150 சென்டிமீட்டர் அளவில் பகுக்கப்படுகிறது. இதில் சுமார் ஒரு மீட்டர் மேட்டுப்பாத்தி, எஞ்சியது சால். சால்கள் 100 மீட்டர் நீளத்திற்கு 40 முதல் 60 சென்டிமீட்டர் மட்டுமே இறங்குமாறு சரிவு பார்த்து அமைக்கப்படும். கனமழையில் மிகுந்த நீர் பாத்தியில் தேங்காமற் சாலில் வடியும். வடியும் நீரும் விரைந்து ஓடாமல் மெல்ல நகர்ந்து, புல் வளர்த்த வாய்க்கால் வழியாகத் தாழ்ந்த இடத்திலுள்ள குட்டையைச் சேரும். மாடும் சக்கரமும் சாலிலேயே செல்வதால் பாத்தி மிதிபட்டு இறுகுவதில்லை. ஒருமுறை அமைத்த பாத்திகளை ஆண்டுதோறும் அழிக்காமல் செப்பனிட்டு வைத்துக்கொள்ளலாம்.

3. புழுதி விதைப்பு. பருவமழை தொடங்குவதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பே, காய்ந்த மண்ணில் விதை ஆழமாக இடப்படுகிறது. சிறு தூறலுக்கு விதை ஏமாந்து முளைத்து மாளாமல், நிலம் நன்கு நனையும் மழைக்கே முளைக்கும்படி ஆழம் அமைய வேண்டும். சோளம், மக்காச்சோளம், துவரை போன்ற பருத்த விதைகள் இதற்கு ஏற்றவை. முதல் மழையிலேயே பயிர் எழுந்துவிடுவதால், சேற்றில் இறங்கி விதைக்கும் சங்கடம் அடியோடு ஒழிகிறது.

4. இரு பருவத்தையும் ஆளும் பயிர். பாத்தியின் நடுவில் ஒரு வரிசை துவரையும் அதன் இருபுறமும் ஒவ்வொரு வரிசை சோளமும், 45 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைவது ஒரு முறை. சோளம் விரைந்து வளர்ந்து மழை முடியும் தறுவாயில் அறுவடையாகும். அதுவரை மெல்ல வளர்ந்த துவரை, பின்னர் கிடைக்கும் வெளிச்சத்தையும் மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் கொண்டு கிளைத்துக் காய்க்கும். இவ்வாறு கலந்து விதைத்த பரிசோதனைகளில், தனிச் சோளத்தின் விளைவில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கும், தனித் துவரையின் விளைவில் ஏறக்குறைய ஏழு பங்கும் ஒரே நிலத்தில் கிடைத்தன. மற்றொரு முறை, முதலில் மக்காச்சோளமும் அதனை அறுத்தவுடன் கொண்டைக்கடலையும் விதைப்பது. துவரைக்கு வாடல் நோய் பெரும் பகையாதலால், அதனைத் தாங்கும் வகைகளைத் தேர்வதும் முக்கியம். பட்டான்செருவில் தெரிந்தெடுத்து 1993-இல் வெளியிடப்பட்ட ஆஷா என்னும் துவரை வாடல் நோயையும் மலட்டுத் தேமல் நோயையும் தாங்குவது.

5. உரம். மழைநீரைச் சேமித்து மண்ணில் சத்தில்லாவிடில் பயனில்லை. நீண்டகாலப் பரிசோதனையில் ஹெக்டேருக்கு நைட்ரஜன் 60 கிலோவும் பாஸ்பரஸ் 20 கிலோவும் இடப்பட்டன. மானாவாரி நிலங்களில் கந்தகம், துத்தநாகம், போரான் ஆகியவையும் பல இடங்களில் குறைந்துள்ளன என்பது பிற்காலத்து மண்பரிசோதனைகளால் தெளிவாயிற்று. கர்நாடகத்தில் 2009-இல் தொடங்கிய பூசேதனா என்னும் திட்டம் இவ்வறிவை அடிப்படையாகக் கொண்டதே.

இவ்வங்கங்கள் தனித்தனியே நின்றால் தரும் பலன் சிறிது. நல்ல விதையை மட்டும் மாற்றினாலும், உரத்தை மட்டும் இட்டாலும், பாத்தியை மட்டும் அமைத்தாலும் விளைவு சற்றே உயர்ந்தது. எல்லாம் ஒன்று சேர்ந்தபோது, தனித்தனிப் பலன்களின் கூட்டுத்தொகையையும் மிஞ்சிய விளைவு கிடைத்தது.

பரிசோதனையின் பலன்

பட்டான்செருப் பண்ணையில் 1976 முதல் இரு முறைகளும் அருகருகே வைத்து ஒப்பிடப்பட்டு வந்தன. ஒன்றில், பழைய வழக்கப்படி மழைக்காலத்தில் தரிசு விட்டு, பின்பருவத்தில் சோளமோ கொண்டைக்கடலையோ விதைத்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை ஹெக்டேருக்கு 10 டன் தொழுவுரம் இடப்பட்டது. மற்றொன்றில் மேற்சொன்ன புதிய முறை கையாளப்பட்டது. 24 ஆண்டுகளின் சராசரிப் பலன் வருமாறு:

தானிய விளைவு, ஹெக்டேருக்கு: பழைய முறையில் சுமார் 1 டன், புதிய முறையில் 4.7 டன்.

நிலத்தின்மேல் வழிந்தோடிய மழைநீர், வருஷத்திற்கு: பழைய முறையில் 220 மில்லிமீட்டர், புதிய முறையில் 91 மில்லிமீட்டர்.

அரித்துச் சென்ற மண், வருஷத்திற்கு ஹெக்டேருக்கு: பழைய முறையில் 6.4 டன்; புதிய முறையில் 1.5 டன்.

ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர் நீராகும். எனவே பழைய முறையில் ஒவ்வொரு ஹெக்டேரிலிருந்தும் வருஷந்தோறும் 22 லட்சம் லிட்டர் நீர் ஓடிப்போயிற்று. புதிய முறையில் இதில் 12.9 லட்சம் லிட்டர் தடுக்கப்பட்டது. ஏக்கர்க் கணக்கில் இது 5 லட்சம் லிட்டருக்கு மேல். கிணறு வெட்டாமல், பம்பு வைக்காமல் கிடைத்த நீர் இது. இன்னும் ஒன்று கவனிக்கத்தக்கது. பயிர் அதிகம் எடுத்தால் பூமி இளைக்கும் என்பது பொதுவான அச்சம். ஆனால் 24 ஆண்டுகளுக்குப் பின் 120 சென்டிமீட்டர் ஆழம் வரை மண்ணை எடுத்துப் பார்த்தபோது, புதிய முறை நிலத்தில் கரிமச்சத்து ஹெக்டேருக்குச் சுமார் 47 டன்னும், பழைய முறை நிலத்தில் சுமார் 39 டன்னும் இருந்தன. வேரும் சருகும் மிகுதியாக விழுந்ததால் பூமி வளர்ந்ததேயன்றித் தேயவில்லை.

இவ்வெண்களை வாசிக்கும்போது சிறிது ஜாக்கிரதையும் வேண்டும். ஐந்து மடங்கு விளைவு என்பது பாத்தியினால் மட்டும் வந்ததன்று. இரண்டாவது பயிர், ரசாயன உரம், தேர்ந்த விதை, தக்க காலத்து உழவு ஆகிய யாவும் அதில் அடங்கியுள்ளன. பண்ணையில் வேண்டிய அன்று ஆளும் மாடும் கருவியும் கிடைத்தன. குடியானவர் நிலத்தில் அவை அவ்வாறு கிடைப்பதில்லை. இதுவே பின்னர் நேர்ந்தவற்றிற்கெல்லாம் அடிப்படையாகும்.

முறை பொருந்தாத இடங்கள்

ஐதராபாத்தும் ஷோலாப்பூரும் வருஷ மழையளவில் ஏறக்குறைய ஒத்தவை. எனினும் ஐதராபாத் பக்கத்தில் பருவமழை தொடங்கியபின் பெரும்பாலும் தொடர்ந்து பெய்யும். ஷோலாப்பூரிலோ தொடக்கமழை நம்பத்தக்கதன்று, விட்டுவிட்டுப் பெய்து பின்பருவத்திலேயே வலுக்கும். ஆகவே ஐதராபாத்தில் லாபந்தரும் புழுதி விதைப்பு ஷோலாப்பூரில் விதையை இழக்கும் சூதாட்டமாகிவிடும். அங்கே மழைக்காலத்தில் தரிசு விட்டு, புரட்டாசிக்குப் பின் சோளம் விதைக்கும் குடியானவரின் வழக்கமே பெரும்பாலும் அறிவுடையது. வருஷ மழை எத்தனை அங்குலம் என்பதை மட்டும் கேட்டு ஒரு முறையைச் சிபாரிசு செய்வது எவ்வளவு பிசகு என்பதற்கு இது தக்க உதாரணம்.

செம்மண்ணிலும் நிலைமை வேறு. அதன் மேற்பரப்பு மழையடியால் தகடுபோல் இறுகி நீரை இறங்கவிடாது. உள்ளே சென்ற நீரையும் கரிசலைப்போல் வைத்துக்கொள்ளாது. பயிருக்கு உதவும் சேமிப்பு பெரும்பாலும் கரிசலில் உள்ளதில் பாதியளவோ அதற்குங் குறைவோ ஆகும். கரிசலில் நன்மை செய்த அகலப்பாத்தி செம்மண்ணில் ஓடும் நீரைக் குறைக்கவில்லை. செம்மண்ணில் வேண்டுவது மேற்தகட்டை அவ்வப்போது உடைத்துவிடுதலும், ஓடும் நீரைக் குட்டையில் தேக்கி, மழை இடைவிட்ட காலத்தில் ஒருமுறை உயிர்த்தண்ணீர் விடுதலுமாம்.

கருவியின் கதை

அகலப்பாத்தி அமைக்க நாட்டுக்கலப்பை போதாது என்று கருதி, இரு சக்கரமுள்ள சட்டம் ஒன்று பட்டான்செருவில் பயன்படுத்தப்பட்டது. பிரெஞ்சு நாட்டு ழான் நோல் என்பார் அமைத்த டிராபிகல்ட்டர் என்னும் இக்கருவியில், ஒரு ஜோடி மாட்டைக் கட்டி, கொழு, பலுகு, விதைப்பெட்டி, பாத்தி அமைக்கும் தகடு ஆகியவற்றை மாற்றிமாற்றிப் பூட்டலாம், வண்டியாகவும் ஓட்டலாம். வேலை செம்மையாக நடந்தது. 1981 முதல் மேதக் ஜில்லாவின் தட்டன்பள்ளி, சுல்தான்பூர் கிராமங்களில் குடியானவர் நிலங்களிலேயே புதிய முறை செய்து காட்டப்பட்டது, விளைவும் உயர்ந்தது.

ஆயினும் அலுவலர்களின் துணை நீங்கியபின் கருவி பரவவில்லை. ஒரு சிறு குடியானவர் தனித்து வாங்கத்தக்க விலையில் அது இல்லை. பலர் சேர்ந்து வாங்கினாலோ, விதைப்புக்குரிய அதே சில நாட்களில் அனைவருக்கும் அது வேண்டியிருந்தது. கிராமக் கொல்லனும் தச்சனும் அதனைப் பழுது பார்க்க இயலவில்லை. இத்தகைய கருவிகள் பல நாடுகளில் அடைந்த கதியை ஆராய்ந்து பால் ஸ்டார்க்கி என்பார் 1988-இல் ஒரு நூல் வெளியிட்டார். கருவி நிலையங்களில் குறையின்றிச் செம்மைப்படுத்தப்பட்டும், எந்த நாட்டிலும் குடியானவர் அதனைத் தாமாக மேற்கொள்ளவில்லை என்பதே அந்நூலின் முடிவு.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சி எத்தியோப்பியாவிற் காணப்பட்டது. அந்நாட்டு மலைப்பிரதேசங்களிலும் நீர் தேங்கும் கரிசல் மிகுதி. அங்கே 1980-களில் ஆராய்ந்தோர் புதிய யந்திரம் கொண்டுவராமல், குடியானவர் பரம்பரையாக வைத்திருந்த மரேஷா என்னும் மரக்கலப்பைகள் இரண்டை இணைத்தே பாத்தி அமைக்கும் கருவி செய்தனர். ஊரிலேயே செய்து, ஊரிலேயே பழுது பார்க்கத்தக்கது அது.

மத்தியப் பிரதேசத்தின் மாளவக் கரிசலில் மற்றொரு வழியாக மாறுதல் வந்தது. 1970-களுக்குப் பின் சோயாமொச்சை அங்கே விரைவாகப் பரவி, மழைக்காலத்தில் தரிசு கிடந்த நிலத்தின் பெரும்பகுதியை நிரப்பிற்று. பயிர் குறுகிய காலத்தது. விற்பனைக்கு எண்ணெய் ஆலைகள் இருந்தன. அதனை அறுத்தபின் கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைக்கலாம். குடியானவர் இவ்வநுகூலத்தைக் கண்டு தாமே மேற்கொண்டனர். அவர்களிற் பலர் அகலப்பாத்தி போடவில்லை. ஆனால் மழைக்காலத்தில் பூமி வெறுமையாகக் கிடக்கலாகாது என்னும் மூலக்கருத்து நிறைவேறியது. பின்னாளில் டிராக்டர் பெருகியபோது, அதனோடு பூட்டும் பாத்திக் கருவிகள் வந்து, சோயாமொச்சை நிலங்களில் அகலப்பாத்தியும் இடம்பெறத் தொடங்கியது.

மற்றைக் கிராமங்களிலும் குடியானவர் முழு முறையையும் ஒருங்கே ஏற்காமல், தமக்கு இயன்ற அங்கங்களைத் தெரிந்தெடுத்தே கைக்கொண்டனர். நல்ல விதை, உரம், அறுவடைக்குப்பின் உழவு ஆகியவை எளிதில் பரவின. பாத்தியும் புழுதி விதைப்பும் மெல்லவே பரவின. எல்லாம் சேர்ந்தாலன்றி முழுப்பலன் இல்லை என்று நிலையம் கண்டது உண்மை. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் மேற்கொள்ளக் குடியானவருக்கு வலிமையில்லை என்பதும் உண்மை. இவ்விரு உண்மைகளையும் பொருத்துவதே விவசாய அபிவிருத்தியின் கடினமான வேலை. ரங்காரெட்டி ஜில்லாவின் கொத்தப்பள்ளியில் 1999-இல் தொடங்கிய நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டத்தில், தடுப்பணை, மண்பரிசோதனை, விதை, கால்நடைத் தீவனம் என ஒவ்வொன்றாக, ஊராரின் விருப்பத்தையொட்டி வேலை நடத்தப்பட்டமை இப்பாடத்தைக் கற்றதன் பயனேயாம்.

தென்பாண்டிக் கரிசலுக்கு

1901-இல் நிறுவப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையைச் சூழ்ந்த கரிசல், தக்காணத்துக் கரிசலை ஒத்ததாயினும், அதன் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. அங்கே ஆடி முதல் தரிசு நிலத்தில் முன்பயிர் எடுத்துப் பின்பயிரும் எடுக்கும் வசதி பொதுவாக இல்லை. ஆகவே பட்டான்செருவின் இருபயிர் முறையை அப்படியே பெயர்த்து நடுவதற்கில்லை. ஆனால் அதன் அங்கங்களுட் சில இவ்விடத்துக்கும் உரியவை. பருவமழைக்கு முன்னரே பருத்தியும் சோளமும் விதைக்கும் முறை கோவில்பட்டியிலும் சிபாரிசு செய்யப்பட்டுள்ளது. இராமநாதபுரம் பக்கத்தில் நெல்லையே புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் வழக்கம் பழமையானது. கார்த்திகைக் கனமழையில் நீர் தேங்கும் தாழ்ந்த கரிசலில் பாத்தியும் சாலும் இட்டு வடித்துவிடுதலும் ஆலோசிக்கத்தக்கதே.

முடிவுரை

பட்டான்செரு நிலையத்தின் அநுபவத்தினின்று மானாவாரிக் குடியானவர் மனத்திற் கொள்ளத்தக்கவை இவை. மழைக்குத் தயாராகும் வேலை முந்தைய அறுவடை நாளிலேயே தொடங்குகிறது. மழை பெய்யும் காலத்தில் பூமிக்குப் பயிர்ப்போர்வை இருக்க வேண்டும். மிகுந்த நீரை மெல்ல வடிப்பதும் ஈரங்காப்பதும் ஒன்றற்கொன்று முரணல்ல. கரிசலில் இரண்டும் ஒரே வேலை. மழையின் அளவைக் காட்டிலும் அது வரும் ஒழுங்கைக் கவனித்தே முறையைத் தேர்தல் வேண்டும். கருவி எதுவாயினும் ஊரில் பழுது பார்க்கத்தக்கதாயிருத்தல் நலம்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாதவர், முதலாண்டில் ஒரு தாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அறுவடை முடிந்த வாரத்திலேயே உழுது வைத்து, அடுத்த மழையில் மற்றத் தாக்குகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. அவ்வுழவிற்குத் தனிச்செலவு சிறிதே. நாளைத் தவறவிடாமையே வேண்டுவது. அத்தாக்கின் வாய்மடையில் மழைநாளன்று கலங்கல் நீர் எவ்வளவு ஓடுகிறது என்பதையும், அடுத்த தாக்கில் எவ்வளவு ஓடுகிறது என்பதையும் கண்ணாற் கண்டால், மற்ற அங்கங்களையும் ஆண்டுக்கொன்றாய் மேற்கொள்ள வேண்டுமா வேண்டாமா என்பதை அவரவரே தீர்மானித்துக் கொள்ளலாம்.